டாக்டரம்மா தராத மாத்திரை

எனக்குச் சளி பிடித்தால் அத்தைக்குப் பிடிவாதம் பிடித்துவிடும்.

அப்பாவும் அம்மாவும் விசைத்தறிக்குப் போய்விடுவார்கள். என்னை வளர்த்தது அப்பாவின் அக்காதான். அன்றைய சங்கரன்கோவிலில் எந்தப் பிள்ளை தும்மினாலும், சிவப்பும் கறுப்புமான மாத்திரையைப் பிரித்து, உள்ளிருக்கும் பொடியைத் தேனில் குழைத்து நாக்கில் தடவிவிடுவார்கள். மருந்துக்கடையில் சீட்டில்லாமலே கிடைக்கும். அத்தைக்கு அப்படிக் கடையில் வாங்குவது ஆகாது. கைராசிக்காரர் என்று பெயரெடுத்த டாக்டரம்மா கையால் வாங்கினால்தான் மாத்திரை வேலை செய்யும் என்பது அவள் கட்சி.

அந்த ஐப்பசியில் எனக்குக் காய்ச்சலும் இருமலும். அத்தை ஒரு கையில் மருந்து ஊற்றி வாங்கக் கழுவிய மிக்சர் பாட்டிலும் மறு கையில் நானுமாகப் போய் நின்றாள். டாக்டரம்மா தொண்டை, காது, நெஞ்சு எல்லாம் பார்த்துவிட்டு, காய்ச்சலுக்கு மட்டும் மருந்து எழுதினார். அத்தை சிவப்பு கறுப்பைக் கேட்டாள்.

“இது சாதாரண சளி. தானா போயிரும். சும்மா சும்மா குடுத்துப் பழக்கிட்டா, நெசமா வேணுங்கும்போது அந்த மருந்து கேக்காது” என்றார் டாக்டரம்மா.

அத்தை என்னைக் கம்பவுண்டரிடம் உட்கார வைத்துவிட்டுத் திரும்ப உள்ளே போனாள். தாழ்ந்த குரலில் நெடுநேரம் ஏதோ பேசினாள். அப்படியும் மாத்திரை கிடைக்கவில்லை. டாக்டரம்மா வாசல் வரை வந்து சொன்னார்: “காலைலயும் சாயங்காலமும் பிள்ளையக் கூட்டிட்டு வாங்க. மூச்சு வாங்குனா எந்நேரம்னாலும் கதவத் தட்டுங்க. அப்ப நானே குடுப்பேன்.”

அத்தை இதைச் சவாலாகவே எடுத்துக்கொண்டாள். காலை, மாலை போதாதென்று மதியமும் என்னை இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா ஒருநாளும் சலித்துக்கொள்ளவில்லை. ஸ்டெதாஸ்கோப் குழாயின் வட்டை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பவர் போல என் நெஞ்சைக் கேட்பார். இவளும் விடவில்லை, அவரும் கொடுக்கவில்லை. நடுவில் நடந்து நடந்து இளைத்தது நான்தான்.

காய்ச்சல் விட்டது. அப்போதும் அத்தை, “இன்னைக்காவது ஒண்ணு குடுங்கம்மா” என்றாள். டாக்டரம்மா குழாயைக் கழற்றி அத்தையின் காதில் மாட்டினார். வட்டை என் நெஞ்சில் வைத்து, மூச்சை இழுத்து விடச் சொன்னார்.

“கேளுங்க. சுத்தமா இருக்கு.”

அத்தை கேட்டுக்கொண்டே இருந்தாள். கண்ணீர் கொட்டியது.

கேட்டது கிடைக்காமல் அழுகிறாள் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. அடுத்த முறை பலமாக இருமி எப்படியாவது அதை வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். அத்தைக்கு என்னைப் போல ஒரு மகன் இருந்தான் என்பதும், வெறும் சளிதான் என்று எங்கோ யாரோ சொல்லி அனுப்பிவிட, இழுத்து இழுத்து வந்த அவன் மூச்சை அது நிற்கும்வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.