திறக்காத லிப்டுக் கதவு

“போட்டோ ஏதாவது இருக்கா மேடம்?” என்று கேட்டார் எங்கள் கல்லூரி ஆராய்ச்சிக் குழுவின் தலைவர்.

எனக்கு முன்னால் பேசிய ஆசிரியர் ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு வாழைத்தோப்பில் டிரோன் பறக்கவிட்டு, தோப்புக்காரரின் தோளில் கைபோட்டு எடுத்த படத்தைத் திரையில் காட்டிவிட்டுப் போயிருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், நல்ல வேலைதான். ஆனால் என்னிடம் போட்டோ இல்லை. கீழே விழாத ஒரு மனிதனை எப்படிப் போட்டோ எடுப்பது?

என் துறை தர்க்கம். ஒரு கணினி நிரல் தப்புச் செய்யாது என்பதை நாலு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு நம்பாமல், பள்ளியில் முக்கோணத்துக்கு நிரூபித்தோமே, அதுபோல நிரூபித்துக் காட்டுவது. இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு விருப்பப் பாடமாக அதை நடத்திவந்தேன். என் கட்டுரைகளை மேற்கோள் காட்டுகிறவர்கள் குறைவு. அன்றைய கூட்டத்தில் ‘இம்பேக்ட்’ என்று, அதாவது ஊருக்கு விளைந்த பலன் என்று எதையாவது காட்டாவிட்டால் அந்தப் பாடத்தைத் தூக்கிவிடுவார்கள். இது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

காட்ட ஒன்று இருந்தது. பேட்டையில் ஒரு அண்ணாச்சி சின்னப் பட்டறை வைத்து லிப்டுகளுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறார். நம் ஊர்ப் பக்கத்து ஆஸ்பத்திரிகளிலும் கல்யாண மண்டபங்களிலும் ஓடும் லிப்டுகள் பலவற்றில் அவர் பெட்டிதான். தெரிந்தவர் மூலம் போய்க் கேட்டு, அந்தப் பெட்டிக்குள் இருக்கும் நிரலை வாங்கிவந்தேன். லிப்டு நகரும்போது கதவு திறக்கவே திறக்காது என்று நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் முயற்சியிலேயே கணினி கண்மூடித் திறப்பதற்குள் ‘சரி’ என்று சொல்லிவிட்டது. எங்கள் தொழிலில் இத்தனை சுலபமாக ஒரு நிரூபணம் கிடைத்தால் சந்தேகப்பட வேண்டும். கிளறிப் பார்த்தேன். லிப்டு எப்படி ஓடும் என்று கணினிக்கு நான் எழுதிக்கொடுத்திருந்த மாதிரியில் அது தரைத்தளத்தை விட்டுக் கிளம்பவே வழியில்லை! ஓடாத லிப்டு ஓடும்போது கதவு எப்படித் திறக்கும்? சொன்னதில் பொய் இல்லை, பிரயோசனமும் இல்லை. எங்கள் ஆட்களால் மட்டுமே செய்ய முடிகிற தப்பு இது. என்னை நானே திட்டிக்கொண்டு திருத்தினேன். லிப்டு ஓடத் தொடங்கியதும் கணினியின் பதிலும் மாறியது. கதவு திறக்கும் என்றது. எப்படித் திறக்கும் என்று வழியையும் வரிசையாகப் போட்டுக் காட்டியது.

இரண்டு மாடிகளுக்கு நடுவே போகும்போது கரண்டு போக வேண்டும். உள்ளே இருப்பவர் கதவு திறக்கும் பொத்தானை அமுக்கியபடி இருக்க வேண்டும். அப்போது கரண்டு திரும்பி வந்தால், லிப்டு எங்கே நின்றது என்பதை மறந்துபோன பெட்டி, தரைத்தளத்தில் இருப்பதாக நினைத்துக் கதவைத் திறக்கும். அதே நேரம் மோட்டாரும் ஓடும்.

அண்ணாச்சி சிரித்தார். “எவன் டீச்சரம்மா கரண்டு இல்லாத நேரத்துல பொத்தான அமுக்கிக்கிட்டே நிக்கான்?”

“இருட்டுல மாட்டிக்கிட்டவன் எல்லாரும் அதத்தான் அண்ணாச்சி செய்வான்.”

அவர் பட்டறையில் லிப்டு கிடையாது. சோதித்துப் பார்க்க ஒரு பலகை உண்டு. மோட்டார் ஓடினால் அதில் பச்சை விளக்கு எரியும், கதவு திறந்தால் சிவப்பு. நான் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் மெயினை அணைத்து மறுபடி போட்டார். பச்சையும் சிவப்பும் சேர்ந்து எரிந்தன.

“கொஞ்சம் பொறுங்க,” என்றார். மறுபடி அணைத்துப் போட்டார். மறுபடி இரண்டும் எரிந்தன. அவர் முகம் செத்துப்போனது.

அந்த மாதமே நிரலை மாற்றினோம். கரண்டு வந்ததும் பெட்டி முதலில் லிப்டைப் பைய நகர்த்தி ஒரு மாடியைக் கண்டுபிடிக்க வேண்டும். அதுவரை எந்தப் பொத்தானுக்கும் மசியக் கூடாது. அதற்கு நிரூபணமும் கிடைத்தது. இந்தத் தடவை லிப்டு நிஜமாகவே ஓடுகிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டேன். விற்றிருந்த பெட்டிகளையும் அண்ணாச்சி ஒவ்வொரு இடமாகப் போய்த் தானே மாற்றிவிட்டு வந்தார். கடைசியில் ஒன்று கேட்டுக்கொண்டார். “எம் பேர மட்டும் எங்கனயும் சொல்லிராதீங்க. பெட்டியில தப்பு இருந்துச்சுன்னு தெரிஞ்சா எவன் வாங்குவான்?” நியாயம்தானே. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஆகவே குழுவின் முன் பெயர் சொல்லாமல்தான் கதையைச் சொன்னேன். தலைவர் பொறுமையாகக் கேட்டார்.

“அந்த லிப்டுல யாராவது விழுந்தாங்களா?”

“இல்லை சார்.”

“நீங்க மாத்துறதுக்கு முன்னாடி?”

“இல்லை.”

“அப்போ இதுல இம்பேக்ட் எங்க மேடம்?”

எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. யாராவது செத்திருந்தால் போட்டோ கிடைத்திருக்கும், இல்லையா? அதை அப்படியே கேட்டும்விட்டேன். தலைவர் குரலைத் தாழ்த்தி, நான் வேறு தலைப்புக்கு மாறினால் கட்டுரைகள் மளமளவென்று வரும், மேற்கோள்களும் சேரும், ஒரு சிக்கலும் இருக்காது என்று புத்தி சொன்னார்.

“தரைத்தளத்துலயே நிக்கிற லிப்டுக்கும் சிக்கல் இல்லை சார்,” என்றேன். “அது யாரையும் எங்கயும் கொண்டு சேர்க்காது.”

பாடத்தைத் தூக்கிவிட்டார்கள். அழுகை வந்தது, அவர்கள் முன்னால் அழவில்லை. ஆனால் ஆய்வகத்தின் சாவி என் பையில்தான் இருக்கிறது. இப்போது சனிக்கிழமை மத்தியானங்களில் அங்கே அதே பாடத்தை நடத்துகிறேன். மதிப்பெண் இல்லை, சான்றிதழ் இல்லை. வருகிற பிள்ளைகள் வருகிறார்கள். நான் நிறுத்தப் போவதில்லை. நிறுத்தச் சொல்கிறவர் வந்து சொல்லிப் பார்க்கட்டும்.

போன வாரம் அம்மாவின் மூட்டுவலிக்காகத் தச்சநல்லூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். லிப்டில் அம்மா, நான், கையில் ஸ்கேன் கவரோடு முன்பின் தெரியாத ஒரு ஆள். இரண்டாம் மாடியைத் தாண்டியதும் கரண்டு போய்விட்டது. கும்மிருட்டு. கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் பதறிப்போய்க் கதவுப் பொத்தானை அமுக்கத் தொடங்கினார். விடவே இல்லை.

“ஏ ஐயா, பொத்தானப் பிச்சிருவ போலுக்கே,” என்று அதட்டினாள் அம்மா.

பலகையில் சேர்ந்து எரிந்த பச்சையும் சிவப்பும் கண்ணுக்குள் வந்தன. பொத்தானுக்கு மேலே அண்ணாச்சி பட்டறையின் சின்ன முத்திரையை ஏறும்போதே பார்த்திருந்தேன்.

கரண்டு வந்தது. லிப்டு ஒரு குலுங்கு குலுங்கி, பைய இறங்க ஆரம்பித்தது. அந்த ஆள் இன்னும் அமுக்கிக்கொண்டுதான் இருந்தார்.

“அமுக்குங்க ஐயா,” என்றேன் அவரிடம். “எவ்வளவு வேணும்னாலும் அமுக்குங்க.”

கதவு திறக்கவில்லை.