கோகிலாவுக்குப் பத்துக்குப் பத்து

பதினைந்து நாள் இருக்கும். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், டவர் பாறை மேல் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் ஏழு செல்போன்கள். ஏழில் ஒன்றுதான் என்னுடையது.

திருட்டுப் போன் இல்லை, பயப்படாதீர்கள்!

கொல்லிமலை வளப்பூர் நாட்டில் எங்கள் பக்கத்து வீடுகளுக்குள் சிக்னல் வராது. கால் மணி நேரம் மேலே ஏறினால் இந்தப் பாறை. இங்கே மட்டும் மூன்று கோடு காட்டும். தினமும் எல்லாரும் ஏறுவது நடக்கிற காரியமா? அதனால் போகிற ஒருவரிடம் மற்றவர்கள் போனைக் கொடுத்துவிடுவார்கள். அவர் அத்தனையையும் பாறை மேல் பரப்பி, வந்த செய்திகளை எல்லாம் இறங்கவிட்டு, திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பார். ‘போனை மேய்ச்சிட்டு வாரேன்’ என்பார்கள். யார் போனுக்கும் பூட்டு கிடையாது.

இதில் ஒரே ஒரு விதி உண்டு. போன் கொடுக்காதவர்களுக்கும் ஏதாவது செய்தி வந்திருந்தால், அவர்கள் வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். நாளைக்குக் காலை பஸ் வராதா, மிளகு வியாபாரி வருகிறாரா... எதுவானாலும் சரி. இதுவரை யாரும் இந்த விதியை மீறியதில்லை.

நான் மீறினேன். ஒரு கணக்குப் பாடத்துக்காக.

எங்கள் கல்லூரியில் கலைப் பிரிவு மாணவர்களுக்கும் ஒரு கணிதப் பாடம் ஆன்லைனில் கட்டாயம் என்று அறிவித்ததும், நான் இதே பக்கத்தில் எவ்வளவு பீற்றிக்கொண்டேன்! நினைவிருக்கிறதா? ‘வரலாறு படிக்கிறவளுக்குக் கணக்கு வராதா? வந்து காட்டுகிறேன் பாருங்கள்!’ என்று எழுதினேன். நீங்களும் கடிதம் போட்டு வாழ்த்தினீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பாடத்தைப் பற்றி நான் மூச்சே விடவில்லை என்பதைக் கவனித்தீர்களா? காரணம் இருக்கிறது. காரணத்தின் பெயர் கோகிலா.

கோகிலா எங்கள் பக்கத்துக் காட்டு மருமகள். என் வயதுதான். கணவர் போர்வெல் லாரியோடு வடக்கே போய்விட்டார். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. கல்யாணத்தால் பாதியில் நின்ற பி.ஏ. தமிழை வீட்டிலிருந்தபடியே தொடர்கிறாள். அதே கணிதப் பாடத்தை அவளும் எடுக்கலாம் என்று கண்டுபிடித்துச் சொன்னது யார்? நான்தான். தனியாகப் படிக்க போரடிக்கிறதே என்று இழுத்துவிட்டேன். அவள் மாமியார் பாப்பாத்தி அத்தையிடம் பேசிச் சம்மதம் வாங்கியதும் நான்தான்.

“இந்த ஒரு தடவதான் அம்மிணி. இதுல தேறலேன்னா புஸ்தகத்தக் கட்டி மேல அட்டத்துல போட்ரோணும். காட்டு வேலை யாரு பாக்கறது?” என்றார் அத்தை.

“அவளுக்கு நான் சொல்லித் தாரேனுங்க அத்தை” என்றேன் பெருந்தன்மையாக.

சொல்லித் தந்தேனா? முதல் வாரத் தேர்வில் எனக்குப் பத்துக்கு ஆறு. அவளுக்குப் பத்து. சரி, தற்செயல் என்று விட்டேன். இரண்டாவது வாரம் எனக்கு ஐந்து. அவளுக்குப் பத்து. மூன்றாவது வாரம் வீடியோவை இரண்டு முறை பார்த்தேன், வண்ணப் பேனாவில் குறிப்பு எடுத்தேன். ஏழு வந்தது. அவளோ, சாக்கில் கொட்டிய மிளகுச் சரங்களைக் காலால் மிதித்து உதிர்த்துக்கொண்டே, எதிரே தூணில் கட்டிவைத்த போனில் பாடம் பார்க்கிறாள். மிதிக்க மிதிக்க மிளகும் உதிர்கிறது, கணக்கும் ஏறுகிறது. பத்து!

எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

நான்காவது வாரம்தான் உச்சம். ‘உங்கள் ஊரில் எண்ண முடியாத ஒன்றைத் தோராயமாக எண்ணுங்கள்’ என்று ஒரு வேலை கொடுத்தார்கள். நான் சும்மா விடுவேனா? கொல்லிமலை முழுக்க எத்தனை பலா மரம் என்று எடுத்துக்கொண்டேன். செயற்கைக்கோள் படம், வண்ண வண்ணக் கட்டம், எட்டுப் பக்கம். ‘ஆர்வம் நன்று; முறை தெளிவாக இல்லை’ என்று திரும்பி வந்தது.

கோகிலா அரைப் பக்கம் எழுதினாள். தன் தோட்டத்தில் இந்த வருடம் எத்தனை மிளகுச் சரம் என்பதுதான் கேள்வி. கொடிகளை நல்ல கொடி, நடுத்தரக் கொடி, சோப்ளாங்கிக் கொடி என்று மூன்றாகப் பிரித்தாள். ஒவ்வொன்றிலும் மூன்று கொடிகளில் மட்டும் ஏணி வைத்து ஏறி, சரத்தை எண்ணினாள். சராசரியைக் கொடிகளின் எண்ணிக்கையால் பெருக்கினாள். தீர்ந்தது. பாடம் நடத்தும் மேடம் அதை வீடியோவில் எல்லாருக்கும் காட்டி, “இதற்குப் பாடத்தில் பெரிய பெயர் இருக்கிறது. இவர் பெயர் தெரியாமலேயே செய்துவிட்டார்” என்று மெய்சிலிர்த்தார். ஊர் ஊராக மாணவர்கள் கைத்தட்டல் படம் அனுப்பினார்கள்.

நானும் ஒன்று அனுப்பினேன். அனுப்பாவிட்டால் தெரிந்துவிடுமே...

இப்போது பாறைக்குத் திரும்புவோம். அந்த வியாழக்கிழமை கோகிலா போனைக் கொடுக்கவில்லை. “டவுன்லோட் பண்ணின பாடத்த ஒருக்கா பாக்கோணும் புள்ள. எதாச்சும் வந்துச்சுன்னா வாயால சொல்லிடு” என்றாள்.

வந்தது. ஐந்தரை மணிக்கு, என் போனில். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் திறக்கும் என்றிருந்த இறுதித் தேர்வு, காலை பத்து மணிக்கே திறக்கும். பன்னிரண்டரைக்கு மூடிவிடும். இடையில் எப்போது வேண்டுமானாலும் ஆரம்பித்து ஒரு மணி நேரம் எழுதலாம். தவறவிட்டால் மறுவாய்ப்பு இல்லை.

பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். ஆறு வீட்டில் ஆறு போனைக் கொடுத்தேன். கடைசியாகக் கோகிலா வீட்டு வாசல். அவள் மிளகு மிதித்துக்கொண்டிருந்தாள். போனில் மேடத்தின் குரல்.

“எதாச்சும் வந்துச்சா புள்ள?”

“ஒண்ணும் இல்ல.”

திட்டம் போட்டுச் சொல்லவில்லை, சத்தியமாக! வாய் தானாகச் சொன்னது. ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில் மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. கோகிலாவுக்கு இது வேறு வழியில் தெரியவர வாய்ப்பு எவ்வளவு? மலையில் இந்தப் பாடம் படிக்கிறவர்கள் நாங்கள் இருவர் மட்டும். மறுநாள் மழை பெய்யும் என்று வானம் சொல்கிறது. மழையில் யாரும் பாறைக்கு ஏற மாட்டார்கள், வழுக்கும். சனிக்கிழமை அவள் பாறைக்கு வரும்போது மணி ஒன்றரை ஆகியிருக்கும். ஆக, வாய்ப்பு பூஜ்யம்.

இந்தப் பாடத்தில் நான் முதல் தடவையே சரியாகப் போட்ட நிகழ்தகவுக் கணக்கு அதுதான்.

வெள்ளிக்கிழமை சொன்னபடி தூறல். நான் ஏழாவது வாரப் பாடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒன்று தெரிந்த பிறகு இன்னொன்றின் வாய்ப்பு எப்படி மாறும் என்கிற கணக்கு. ஒரு எழவும் புரியவில்லை. அப்போது வாசலில் உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓர் உருவம். இடுப்பில் குழந்தை.

“ஏழாவது வாரக் கணக்கு வரலைன்னு சொன்னீல்ல? அதான் வந்தேன். பாப்பாவப் புடி” என்றாள் கோகிலா.

நான் குழந்தையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஃபார்முலாவ மூடி வெய்யி. உங்க மொளகு ஒரு சாக்கு, எங்க மொளகு ஒரு சாக்கு. எங்க சாக்குல உள்ள ஒண்ணுமில்லாத பொக்கு மொளகு ஜாஸ்தி. கண்ண மூடிட்டு ஏதோ ஒரு சாக்குல கைய உட்டு ஒண்ணு எடுக்கறே. பாத்தா பொக்கு. எந்தச் சாக்குல எடுத்திருப்பே?”

“உங்க சாக்குலதான்.”

“பாக்கறதுக்கு முந்தி அப்படி நெனச்சியா?”

“இல்ல. ரெண்டுல எது வேணும்னாலும் இருக்கலாம்னு நெனச்சேன்.”

“பொக்குன்னு தெரிஞ்சதும் உன் நெனப்பு மாறிப் போச்சுல்ல? அவ்ளோதான் புள்ள! அதத்தான் அந்த மேடம் அரை மணி நேரமா இங்கிலீசுல இழுக்கறாங்க.”

புரிந்துவிட்டது. முழுசாக. பளிச்சென்று. நன்றி பொங்கியிருக்க வேண்டும் இல்லையா? எனக்குப் பொங்கியது வேறு. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? என் வீட்டில் மிளகு இல்லையா, சாக்கு இல்லையா?

அவள் எழுந்து சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டாள். “நாளைக்கு ரெண்டு மணிக்குத்தானே? காலைல மொளகு பறிக்க ஆளு வராங்க. சோறாக்கி வெச்சுட்டு ஒரு மணிக்குக் கெளம்பிர்றேன். ரெண்டு பேரும் சேந்தே போலாம்.”

நான் மனம் திருந்திச் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மை அதுவல்ல. அவள் நேராகக் கேட்டுவிட்டாள். ‘ஒண்ணும் இல்ல’ என்பது சின்னப் பொய். ‘ஆமாம், ரெண்டு மணிக்குத்தான்’ என்பதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை.

“பத்து மணிக்கு மாத்திட்டாங்க கோகிலா.”

அவள் நின்றாள். வெளியே தூறலைப் பார்த்தாள். இன்றைக்கு யாரும் பாறைக்குப் போகவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

“எப்ப வந்துச்சு?”

“நேத்து.”

“நேத்து ஒண்ணும் இல்லேன்னே?”

நான் பாப்பாவின் சட்டையை இழுத்து இழுத்துச் சரிசெய்தேன்.

“பத்துக்குப் பத்து வாங்கறேனே, அதுக்கா?”

தலையாட்டினேன். திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

“வா. அத்தைகிட்ட நீயே வந்து சொல்லு. நான் சொன்னா, ஆளு வர்ற நாளாப் பாத்து வேலைக்கு டிமிக்கி குடுக்கறேம்பாங்க.”

போனேன். பாப்பாத்தி அத்தை எல்லாவற்றையும் கேட்டார். நான் மறைத்ததை மட்டும் மறைத்துச் சொன்னேன். கோகிலாவும் அதைச் சொல்லவில்லை.

“பதினோரு ஆளுக்கு நான் ஒருத்தியாச் சட்டி தூக்கறதா? ஆவாது அம்மிணி. பரீச்சை போனாப் போவுது.”

“நான் அஞ்சு மணிக்கே வந்து ஆக்கித் தாரேனுங்க அத்தை.”

“நீயா?” என்று அத்தை கேட்ட தொனியை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதாது. ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

எங்கள் வீட்டில் நான்கு பேர். பதினோரு பேருக்கு என்றால் அரிசியும் தண்ணீரும் எத்தனை மடங்கு? விகிதம், முதல் வாரப் பாடம். தாளில் எழுதியே போட்டேன். கணக்கு அச்சுப் பிசகாமல் சரி. சோறு களியாகிவிட்டது. பெரிய சட்டியில் தண்ணீர் அவ்வளவு சுண்டாதாமே? பாடத்தில் யாரும் சொல்லவில்லை.

“பரவால்ல உடு. பல்லு போனவங்க ரெண்டு பேரு வராங்க” என்றார் அத்தை.

ஒன்பதரைக்குப் பாறை ஏறினோம். வழி முழுக்கக் கோகிலா எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள். பத்து மணிக்கு அவள் ஆரம்பித்தாள். குழந்தை என் மடியில். முப்பத்தைந்தே நிமிடத்தில் முடித்துவிட்டு, குழந்தைக்குக் கையை நீட்டினாள். நான் ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம் முழுசாக ஆனது. ஒன்பதாவது கேள்வி, இரண்டு பெட்டியில் பல்பு. ஒரு பல்பு எரியவில்லை. எந்தப் பெட்டியிலிருந்து வந்திருக்கும்? பல்பை எல்லாம் மிளகாக்கினேன். சரியாக வந்தது.

முடிவு போன வாரம் வந்தது. ஐம்பதுக்கு அவள் நாற்பத்தேழு. நான் முப்பத்தொன்று. இருவரும் தேர்ச்சி. அவள் புத்தகம் அட்டத்துக்குப் போகவில்லை. அடுத்த பாடத்துக்குப் பணம் கட்டச் சொல்லி அத்தையே சொல்லிவிட்டாராம்.

கோகிலா இப்போது என்னோடு பேசுகிறாள். சிரிக்கிறாள். குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுக் காட்டுக்குக்கூடப் போகிறாள். ஆனால் சாயங்காலம் நான் மஞ்சள் பையோடு கிளம்பும்போது மட்டும் உள்ளே ஏதோ வேலையாக இருக்கிறாள். பாறைப் பக்கம் ஆடு ஓட்டிப் போகும் மயில்சாமி அண்ணன் கையில் அவள் போன் ஏற்கெனவே போய்விட்டிருக்கிறது. அவருக்கு எழுதப் படிக்கவும் தெரியாது.

கோபமா என்று கேட்க முடியவில்லை. கேட்பானேன்? பதில்தான் ஏழாவது வாரப் பாடத்தில் இருக்கிறதே... ஒன்று பொக்கு என்று தெரிந்த பிறகு, அந்தச் சாக்கைப் பற்றிய நினைப்பு மாறத்தானே செய்யும்?

நாற்பத்தேழு மேல் எனக்கு இப்போது பொறாமை இல்லை. மயில்சாமி அண்ணன் மேல்தான்.