கொலுவுக்கு வந்த வாடகை

போன வாரம் எங்கள் வீட்டுக் கொலுவுக்கு, மயூர் விஹாரிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு விருந்தாளி வந்தார். போகும்போது சுண்டலோடு எங்கள் தூக்கத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விவரமாகச் சொல்கிறேன்.

ஜனக்புரியில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருக்கிறோம். கீழே வீட்டுக்காரர் சோப்ராஜி. டெல்லியில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு வருஷத்துக்குப் பதினோரு மாதம்தான். அக்ரிமென்ட் அப்படித்தான் போடுவார்கள். பதினோராவது மாதம் பிறந்துவிட்டால், வீட்டுக்காரர் சும்மா இருமினால்கூடக் காலி பண்ணச் சொல்கிறாரோ என்று தோன்றும். எங்களுக்கு இந்த அக்டோபர்தான் பதினோராவது மாதம்.

போதாததற்கு மகள் வித்யாவுக்கு மார்ச்சில் பத்தாம் வகுப்பு போர்டு பரீட்சை. பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம். இப்போது வீடு மாறினால்...? நினைக்கவே பயமாக இருந்தது. அக்டோபர் முழுக்க வீட்டுக்காரர் கண்ணில் படாமல் இருப்பது என்று தீர்மானித்தேன். மாடிப்படியில்கூட மெதுவாகத்தான் ஏறினேன்.

ஆனால் நவராத்திரி வந்துவிட்டதே! கொலு வைத்துவிட்டு நாலு பேரைக் கூப்பிடாமல் இருக்க முடியுமா? கீழ்வீட்டு அம்மாளை மட்டும் விட்டுவிடத்தான் முடியுமா? என் மனைவி சாந்தா போய் அழைத்தாள். திருமதி சோப்ராவும் வந்து உட்கார்ந்தார். விரதமாம், சுண்டலைத் தொடவில்லை. வாய்க்கு வேலை இல்லாததால் காது நன்றாக வேலை செய்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மயூர் விஹார் கல்யாணி நுழைந்தார். என் ஆபீஸ் நண்பரின் மனைவி. பொம்மைகளுக்கு ஒரு பார்வை. அப்புறம் சீலிங், பால்கனி, சமையலறை...

"வாடகை எவ்வளவு சாந்தா?"

சாந்தா குரலைத் தாழ்த்தி, "நாலாயிரம்" என்றாள்.

கல்யாணி நல்ல மனுஷி. நடுவில் ஒரு ஹிந்திக்காரர் இருக்கும்போது தமிழில் பேசுவது மரியாதை இல்லை என்று நினைப்பவர். அக்கம்பக்கத்து அம்மாள் யாரோ என்று எண்ணி, அவருக்கும் புரியட்டும் என்று கணீரென்று ஹிந்திக்கு மாறினார். "அரே, இவ்வளவு பெரிய வீடு வெறும் நாலாயிரமா? இதுல பாதி வீட்டுக்கு நாங்க ஆறாயிரம் கொடுக்கிறோம்!"

திருமதி சோப்ரா புன்னகையோடு வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் காலை கேட் அருகே சோப்ராஜி நின்றார். "ஸாப், அக்ரிமென்ட் முடியுதே. இனிமே ஆறாயிரம். முடியலைன்னா பரவாயில்லை, வேற ஆள் பார்த்துக்கறேன்." கொஞ்சமும் கோபம் இல்லாமல் சொன்னார். அதுதான் எனக்குப் பீதியைக் கிளப்பியது.

இரண்டு நாள் ஆபீஸ் விட்டதும் புரோக்கரோடு அலைந்தேன். நாலாயிரத்துக்கு அவர் காட்டிய வீட்டில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கையை நீட்டினால் தொடலாம்.

வித்யா கேட்டாள்: "அப்பா, எக்ஸாமுக்கு முன்னாடி ஷிஃப்ட் பண்ண மாட்டோம்ல? பக்கா?"

"பக்கா" என்றேன். பொய். என் கையில் ஒன்றும் இல்லை என்பதை மகளிடம் எப்படிச் சொல்வது? அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மூன்றாம் நாள் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கீழே போனேன். பரீட்சையைச் சொன்னேன். சோப்ராஜி மோவாயைத் தடவினார். "அச்சா... பொண்ணு படிக்கட்டும். மார்ச் வரைக்கும் ஐயாயிரம். அப்புறம் பார்க்கலாம்."

'அப்புறம் பார்க்கலாம்' - டெல்லியில் முக்கால்வாசிப் பேர் இந்த இரண்டு வார்த்தைக்குள்தான் குடியிருக்கிறோம். என் பெயருக்கு வேறு விலாசம் இருப்பதாகத் தபால்காரர் நினைத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

தசமிக்கு மறுநாள் சாந்தா பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் அடுக்கினாள். பரணில் ஏற்றிவிடலாம் என்று நான் ஸ்டூலை எடுத்து வந்தேன்.

"வேண்டாங்க. வாசப்பக்கமே இருக்கட்டும். மார்ச்ல மறுபடி எதுக்கு இறக்கணும்?" என்றாள்.

ஸ்டூலைத் திரும்ப வைக்கப் போனபோது டெலிபோன் அடித்தது. கல்யாணியின் கணவர்.

"ஸார், உங்க வீடு அவளுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. காலி பண்றதா இருந்தா மொதல்ல நமக்குத்தான் சொல்லணும், ஆமா!"

உங்களுக்கெல்லாம் ஒரு சின்ன வேண்டுகோள். கொலுவுக்குப் போனால் பொம்மையைப் பாருங்கள்... தயவுசெய்து சீலிங்கைப் பார்க்காதீர்கள்!