முடுக்கில் நுழைந்த கட்டில்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருஷம், விபூதிப் புதன் அன்று, நெற்றியில் பூசிய சாம்பல்கூட உதிராத நேரத்தில் வளன் கொழும்புத் தோணியில் ஏறினான். யுத்தகாலம். கொழும்புத் துறைமுகத்தில் பழுதுபட்ட கப்பல்கள் காத்துக் கிடந்தன. தச்சு தெரிந்தவனுக்கு அங்கே ஓயாத வேலை. தூத்துக்குடிப் பட்டறையில் அவன் செய்து முடித்த ஒரு கட்டிலும், அதற்குக் காவலாக மனைவி வேதமணியும்தான் மிச்சம்.

"கட்டில்ல உளி படக்கூடாது, பாத்துக்க" என்றான் வளன். "மெருகு காஞ்சதும் இசக்கியப்பன் வண்டில ஏத்தி காயல்பட்டணம் அனுப்பிரு. அவ்வளவுதான் ஒன் சோலி. புதுசா ஏதாவது யோசிக்காத."

"நான் என்ன யோசிக்கப் போறேன்?"

"அதான் பயமே."

பயத்துக்குக் காரணம் இருந்தது. வேதமணி தோணிக்குப் பாய் தைப்பவரின் மகள். கயிறும் துணியும் பார்த்து வளர்ந்த கண்ணாலேயே மரத்தையும் பார்த்தாள். கல்யாணமான புதிதில் கிழிந்த பாய்த்துணியை இரண்டு சட்டங்களுக்கு நடுவே தொய்வாகத் தொங்கவிட்டு ஒரு நாற்காலி செய்தாள். உட்கார்ந்தவர்களுக்கு எழுந்திருக்க மனமே வரவில்லை. வளன் அதைத் தூக்கிப் பட்டறைக்குப் பின்னால் போட்டான். "கட்டுமரக்காரன் காயப்போட்ட துணி மாதிரி இருக்கு. வாங்க வாரவன் சிரிப்பான்."

கட்டில், காயல்பட்டணத்து வியாபாரி மூஸா நெய்னாவின் மகள் ஜமீலாவுக்கு. அந்த ஊரில் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மணவறையில் என்ன கட்டில் போட்டார்கள் என்பதை ஊரே பேசும். நெய்னா வீட்டுக் கட்டில் சொன்ன நாளில் போய்ச் சேராவிட்டால் அந்த ஊரில் இனி வளன் பட்டறைக்கு வேலை கிடையாது. அந்த ஊர் வேலை இல்லையென்றால் பட்டறையும் கிடையாது. அது வேதமணிக்கு நன்றாகத் தெரியும்.

நிக்காஹுக்கு முந்தின வாரம், தலைமாட்டில் வளன் பதித்திருந்த முத்துச்சிப்பிகள் அறைச் சுவரின் நிறத்துக்கு ஒத்து வருமா என்று பார்க்கக் காயல்பட்டணம் போனாள். போன இடத்தில் வேறு சேதி காத்திருந்தது. நெய்னாவின் தங்கை ஹாஜரா பீவியின் கணவர் இறந்துவிட்டார். கணவனை இழந்தவள் தனித்திருக்க வேண்டிய இத்தா காலத்தை அவள் அண்ணன் வீட்டு நடு அறையில் கழித்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலம் முடியும்வரை அந்நிய ஆண் அவளைப் பார்க்கக் கூடாது. முன்கூடத்திலிருந்து மணவறைக்குப் போக அந்த நடு அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். மாப்பிள்ளை ஒருவர் கடந்துபோக ஒரு திரை போதும், கட்டில் தூக்கும் ஆட்கள் நுழைந்தால் திரையே நிற்காது. மாப்பிள்ளை செய்கு அப்துல் காதிர் அடுத்த தோணியில் கொழும்புக் கடைக்குத் திரும்ப வேண்டியவர். அதனால் நிக்காஹைத் தள்ளிவைக்கவும் வழியில்லை.

"கூலியாளுவோ இந்தப் பக்கம் வர முடியாது புள்ள" என்றாள் ஹாஜரா பீவி. "முன்கூடத்துல எப்பவும் ஆம்பளையளா இருப்பாவோ, எங்களால அங்க வர முடியாது. முடுக்கு வழியாக் கொண்டா. நாங்க பொம்பளையளே தூக்கிருவோம்."

முடுக்கு என்பது வீடுகளின் பின்வாசல்களுக்கு நடுவே ஓடும் சந்து. பெண்கள் மட்டுமே நடப்பார்கள். வேதமணி அதன் வழியாகத் திரும்பி வரும்போது சும்மா கைகளை விரித்துப் பார்த்தாள். முழங்கை நிமிருமுன் இரண்டு பக்கமும் சுவர் இடித்தது. பாதி வழியில் ஒரு திருப்பம் வேறு.

வளன் அளந்தது முன்வாசலை. அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்தவர் நெய்னா. ஆண்கள் கால் வைக்காத சந்தின் அகலம் அந்த இருவருக்குமே தெரியாது. வச்சிரப் பசை காய்ச்சி ஒரே உடம்பாக ஒட்டிய கட்டிலைச் சாய்த்துப் பிடித்தாலும் அந்தத் திருப்பத்தில் தலைமாடு திரும்பாது.

நெய்னாவிடம் சொன்னாள். அவர் கோபப்படவில்லை, அதுதான் அவளை அதிகம் நடுக்கியது.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் அசர் தொழுதுட்டு மாப்பிள்ளை வந்துருவாரு. வெறும் அறையிலயா அவர உக்கார வைக்கச் சொல்லுதிய? வளன் வாக்குக் குடுத்துட்டுப் போயிருக்கான்மா."

பட்டறைக்கு வந்து ரம்பத்தை எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள். எட்டிப் பார்த்த வண்டிக்காரன் இசக்கியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அண்ணன் வந்து கேட்டா நான் ஒண்ணும் பாக்கலன்னு சொல்லிருதேன் தாயி."

முதல் இழுப்பில் மெருகு சிராய்ந்து பறந்தது. அதன்பின் அவள் நிறுத்தவில்லை. தலைமாடு, கால்மாடு இரண்டையும் கால்களோடு சேர்த்து நீளச் சட்டங்களிலிருந்து அறுத்துப் பிரித்தாள். தலைமாட்டுப் பலகையை நடுவே இரண்டாக்கினாள். திரும்ப இணைக்க யுத்தகாலத்தில் ஆணியோ திருகாணியோ கடையில் இல்லை. அவளுக்குத் தெரிந்தது கயிறு. படுப்பதற்காகப் பின்னுகிற கயிறே சட்டங்களையும் இழுத்து, கால்களில் வெட்டிய குழிகளில் அமர்த்த வேண்டும். பாரம் ஏற ஏற மூட்டு இறுக வேண்டும். அதற்காகச் சட்டங்களில் துளை போட்டாள். பின்னால் தளராமல் இருக்க, கயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு நீளுமட்டும் நீளவைத்தாள்.

வெள்ளிக்கிழமை வண்டியில் ஏற்றியபோது இசக்கியப்பன் தலையைச் சொறிந்தான். "என்ன தாயி, கட்டில ஏத்தச் சொன்னா வெறகு ஏத்துதியே. கல்யாணத்துக்கா, சமையலுக்கா?"

சட்டங்கள் பெண்களின் தோளில் ஒவ்வொன்றாக முடுக்கு வழியே வந்தன. திருப்பத்தில் ஒன்றுகூட இடிக்கவில்லை. மணவறையில் குழிகளில் சட்டங்களைச் செருகி, வேதமணி சுவர்ப் பக்கத்திலிருந்து கயிற்றைக் கோத்து, பலம் கொண்டமட்டும் இழுத்துக் கட்டிக்கொண்டே வந்தாள். முடிச்சுப் போட்டு நிமிர்ந்தபோது ஜமீலா மெதுவாகச் சொன்னாள்: "அந்தக் கால் தரையில படல."

ஒரு கால் அந்தரத்தில் நின்றது. அழுத்தினால் எதிர்மூலை எழும்பியது.

"நல்லதாப் போச்சு" என்றாள் ஒரு மாமி. "மாப்பிள்ளைக்குக் கட்டிலும் ஆச்சு, ஊஞ்சலும் ஆச்சு."

யாரோ சிரித்தார்கள். அதே நேரம் தூரத்தில் மாப்பிள்ளையை அழைத்து வருபவர்களின் பைத் பாட்டு கேட்டது. வேதமணியின் கை வியர்வையில் கயிறு வழுக்கியது. காலுக்கடியில் ஒரு மரச்சில்லு வைத்துவிடலாமா என்று நினைத்தாள். வைத்தால் இன்றைக்கு நிற்கும். நாளைக்கு நழுவும், நழுவினால் ஊர் முழுக்கத் தெரியும். கட்டிலைச் சுற்றி வந்தாள். அப்பா பாய்மரம் நிறுத்துவது கண்ணுக்கு வந்தது. ஒரு பக்கக் கயிற்றை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் மரம் சாய்ந்துதான் நிற்கும்.

முடிச்சை அவிழ்த்தாள்.

"அவுக்கியா? பாட்டு பள்ளிவாசல் பக்கம் வந்துட்டே" என்றாள் மாமி.

"ரெண்டு பக்கமும் ஆள் வேணும். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். ஒரேயடியா இழுக்கப்படாது."

யாரும் அசையவில்லை. நடு அறையிலிருந்து வெள்ளைச் சேலையில் ஹாஜரா பீவி வந்து ஒரு முனையைக் கையில் சுற்றிக்கொண்டாள். "என்னளா பாத்துக்கிட்டு நிக்கிறிய? மறுபக்கம் பிடிங்க" என்றாள் மாமிகளைப் பார்த்து.

நடுவிலிருந்து தொடங்கினார்கள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பாட்டு தெருவுக்குள் திரும்பியது. சட்டம் முனகியது. மூட்டுகளில் தெரிந்த வெளிச்சம் மெலிந்து மறைந்தது. ஹாஜரா பீவியும் இரண்டு மாமிகளும் ஒன்றாக ஏறி உட்கார்ந்தார்கள். 'கிரீச்' என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. ஜமீலா குனிந்து காலுக்கடியில் விரல் நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை.

பாட்டு வாசலில் நின்றபோது ஹாஜரா பீவி திரைக்குப் பின்னால் போயிருந்தாள், வேதமணி முடுக்கு வழியே வெளியேறிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை இரண்டும் தோலுரிந்திருந்தன.

அதன்பின் முடுக்கு வழியாகவே அவளுக்கு வேலை வந்தது. பிரித்து அடுக்கும் தொட்டில், உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கும் அலமாரி, சிப்பி பதித்த மறைப்புத் தட்டி. பாய்த்துணி நாற்காலி பட்டறை வாசலுக்கு வந்தது. கொழும்பிலிருந்து பணம் மட்டும் வந்தது, சொல் வரவில்லை. கட்டிலை அறுத்ததை அவளும் சொல்லியனுப்பவில்லை. ஆனால் செய்கு அப்துல் காதிர் கடை வைத்திருப்பதும் அதே கொழும்பில்தான் என்பது அவள் நெஞ்சை அடிக்கடி நெருடியது. வளன் வந்து நின்றால் என்ன சொல்வது என்று தனக்குள் ஒத்திகை பார்ப்பாள்.

யுத்தம் முடிந்து அடுத்த வருஷம், தோணியை நடத்திவரும் தண்டல் சங்கரபாண்டியன் கரையிலிருந்து நேரே பட்டறைக்கு வந்தார். பாய்த்துணி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"வளன் சேதி சொல்லி விட்டான். நீ அறுத்தது அவனுக்கு எப்பவோ தெரியுமாம். செய்கு மொதலாளி சொல்லிட்டாராம்."

வேதமணி உளியைக் கீழே வைத்தாள்.

"அங்கன ஒரு மாடிவீட்டுக்காரருக்கு அதே மாதிரி கட்டில் வேணுமாம். படி குறுகல். ரெண்டு தடவ கட்டிப் பாத்துட்டானாம், ஒரு கால் தரையில பட மாட்டேங்குதாம். எந்தப் பக்கத்துக் கயிற மொதல்ல இழுக்கணும்னு ஒங்கிட்ட கேட்டுட்டு வரச் சொன்னான்."