அந்தோணி அண்ணனும் என் வீட்டு வெள்ளைச் சுவரும்

செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்குப் போக மாஹிமில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது கைப்பேசியில் ஒரு குரல் செய்தி வந்தது. அந்தோணி அண்ணனின் மகள். "டீச்சர், அப்பா விடியக்காலம் போய்ட்டாங்க. முதலாளிட்ட சொல்லிருங்க." அவ்வளவுதான். பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

தாராவியில் என் கணவர் நடத்தும் தோல்பைப் பட்டறையில் பதினைந்து வருடம் தோல் வெட்டியவர் அண்ணன். பட்டறையில் அவரோடு அதே மேசையில் நின்று வேலை செய்த உங்களுக்கு அவர் கைவேலைச் சுத்தத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அவர் தலைக்குள் என்ன இருந்தது என்பதைச் சொல்கிறேன். அதைப் பார்த்து மலைத்துப்போனவள் நான்.

எங்கள் ஊரில் வீடு மகளுக்குத்தான். தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டி என் உம்மா எனக்குத் தந்த பழைய மாடிவீடு பூட்டிக் கிடந்தது. மூன்று வருடத்துக்கு முன் மாட்டுங்காவில் ஒரு கடையில் நிறம் பார்த்து, ஊரில் ஆள் பிடித்து, போனிலேயே மேஸ்திரி வேலை செய்து, வீடு முழுக்க இளம்பச்சை அடித்து முடித்தேன். பெருமை பிடிபடவில்லை. பட்டறையில் உங்கள் எல்லோருக்கும் போட்டோ காட்டினேன். எல்லோரும் மெச்சினீர்கள். அண்ணன் மட்டும் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "கடல் பக்கச் சுவரும் பச்சைதானா டீச்சர்?" என்று கேட்டார். நாலு பக்கமும்தான் என்றேன்.

மறுவாரம் வீட்டுக்கு வந்தார். அவர் எங்கள் ஊருக்கு அடுத்த மீனவர் ஊர்க்காரர். அவருடைய தம்பி இன்னும் கடலுக்குப் போகிறவர்.

"தம்பி வலை ரெண்டு தடவ பாறையில சிக்கிக் கிழிஞ்சிட்டு டீச்சர். உங்க வெள்ளச் சுவர வச்சுத்தான் எங்க வள்ளமெல்லாம் பாருக்குப் போவுது. இப்ப சுவரு தென்னையோட தென்னையா மறைஞ்சிட்டு."

கடலுக்கடியில் மீன் கூடும் பாறைத்திட்டைத்தான் அவர்கள் பார் என்பார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஜிபிஎஸ் எதற்கு இருக்கிறது என்று கேட்டேன். பெரிய போட்டில் இருக்கிறது, எங்கள் வள்ளத்தில் ரெண்டு ஆளும் துடுப்பும்தான் இருக்கிறது என்றார். என் வீட்டுக்கு நிறம் அடிக்க உங்கள் ஊரைக் கேட்க வேண்டுமா என்றும் கேட்டுவிட்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அவர் முகம் மாறவில்லை. "நீங்க கேக்க வேண்டாம் டீச்சர். எங்க ஆளுவதான் உங்ககிட்ட கேக்காமலே அந்தச் சுவர எடுத்துக்கிட்டோம். எங்க தாத்தா காலத்துலேர்ந்து."

பிறகு பையிலிருந்து கழிவுத்தோல் துண்டு ஒன்றை எடுத்தார். கறுப்புத் தோல். வெட்டுக்கோடு போடும் வெள்ளிநிறப் பேனாவால், கடலிலிருந்து பார்த்தால் எங்கள் கரை எப்படித் தெரியுமோ அதை அப்படியே வரைந்தார். பள்ளிவாசல் மினாரா, ஒற்றைப் பனை, மேட்டில் மாதா கோயில், அதற்கு முன்னால் என் வீடு. பதினெட்டு வயதில் பம்பாய்க்கு ரயிலேறியவர். ஒரு கோட்டைக்கூட அழித்துத் திருத்தவில்லை. என் வீட்டில் கதவு இல்லையே என்றேன்.

"வாசல் எப்படி இருக்கும்னு தெரியாது டீச்சர். உள்ள வந்ததே கெடையாது. எங்களுக்குத் தெரிஞ்சது அதோட முதுகு மட்டுந்தான்."

மே மாத விடுமுறையில் அவர் பட்டறையில் லீவு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தார். நானும் கணவரும் போனோம். அண்ணனும் தம்பியும் சாரம் கட்டி, ரெண்டே நாளில் கடல் பக்கச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்தார்கள். மூன்றாம் நாள் காலை என்னை வள்ளத்தில் ஏறச் சொன்னார். பெண்பிள்ளையை எப்படி ஏற்றுவது என்று தம்பி தயங்கினார். "வீட்டுக்காரவ தன் வீட்டப் பாக்க வாராவ. இதுல என்னல இருக்கு?" என்றார் அண்ணன்.

கரை சிறுத்துக்கொண்டே போனது. மாதா கோயில் சிலுவை முதலில் என் வீட்டுக்கு இடதுபுறம் தள்ளி நின்றது. வள்ளம் நகர நகர அதுவும் நகர்ந்து, மெல்ல வந்து என் வெள்ளைச் சுவருக்கு நேர் மேலே ஏறி நின்றது. இன்னொரு பக்கம் மினாராவும் பனையும் ஒன்றாகச் சேர்ந்தன. "நிறுத்துல" என்றார். கல் கட்டிய கயிற்றை இறக்கினார். கொஞ்சத்திலேயே தட்டி நின்றது. பாறை. சுற்றிலும் தண்ணீர்தான், எந்தத் தடயமும் இல்லை. நான் பிறந்த வீடு அது. அன்றுதான் அதை முதன்முறையாகப் பார்த்தேன்.

போன மாதம் என் மகள் பெயருக்கு வீட்டை எழுதும் பேச்சு வந்தது. விருந்தினர் தங்கும் விடுதியாக மாற்றி, கடல் பக்கச் சுவரை இடித்து முழுக்கக் கண்ணாடி வைக்க அவளுக்கு ஆசை. அவள் காலம், அவள் வீடு என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அண்ணனிடம் சொல்லவில்லை. அவர் மூச்சுவிடவே சிரமப்பட்டுக்கொண்டிருந்தார்.

அடக்கம் இங்கேயே நடந்தது. மூன்றாம் நாள் அவர் தம்பி ஊரிலிருந்து கூப்பிட்டார். துக்கத்துக்காக வள்ளங்கள் ரெண்டு நாள் கரையிலேயே கிடந்தனவாம். "இன்னைக்குத்தான் போனோம் டீச்சர். சுவரு நல்லாத் தெரிஞ்சிது. அண்ணன் இல்லங்கிற நெனப்பே வரல."

போனை வைத்துவிட்டு அந்தத் தோல்துண்டை எடுத்து மகளிடம் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அந்தத் தோல்படத்தைப் படிக்க அவளுக்கு எழுத்து தேவைப்படவில்லை. சிலுவையிலிருந்து சுவர் வரைக்கும் விரலை இறக்கினாள்.

"கண்ணாடிய தெற்குப் பக்கம் வச்சுக்கிறேன் உம்மா" என்றாள்.

வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். தோல்துண்டைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். இந்த மே மாதம் அந்தச் சுவருக்கு மறுபடி சுண்ணாம்பு அடிக்க நான் போகிறேன், அண்ணே.