ஏழாவது ஆட்டத்தின் தேங்காய்

மாமா கனடாவிலிருந்து வந்தபோது ஒரு சூட்கேசும் ஓர் அட்டைப் பெட்டியும் கொண்டுவந்தார். சூட்கேசில் குளிருக்குப் போடும் தடித்த உடுப்புகள். நாங்கள் இருந்த நியூசிலாந்து ஆக்லாந்தில் அவை தேவைப்படவில்லை. அட்டைப் பெட்டியில் ஐஸ் ஹொக்கி இருந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. ஐஸ் ஹொக்கி என்றால் என்னவென்று தெரியாது. அப்பாவைக் கேட்டேன். அப்பாவுக்கு மனுகாவ் பக்கம் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் வேலை. இறைச்சிப் பெட்டி ஏற்றி இறக்குவது.

"ஐஸுக்கு மேல விழுந்து எழும்புறது. நான் ஒவ்வொரு நாளும் செய்யிறதுதான்" என்றார்.

மாமா அம்மாவின் தம்பி. மாமி அவரோடு வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "மாமிக்கு வேலை" என்று அம்மா சொன்னார். எனக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான்.

அப்போது நாங்கள் ஒனிஹங்காவில் ஒரு பழைய மரவீட்டில் வாடகைக்கு இருந்தோம். அம்மா முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலை பார்த்தார். மாமா வரும்வரை பள்ளி விட்டதும் நான் அங்கேதான் போக வேண்டும். வேலையாட்கள் தேத்தண்ணீர் குடிக்கும் அறையில் ஒரு கதிரை. அதில் ஆறு மணிவரை இருப்பேன். சத்தம் போடக்கூடாது. பசித்தால் பிஸ்கட். வீட்டுக்கு வந்தால் வீடு இருட்டாகவும் குளிராகவும் இருக்கும். அப்பா கதவடியில் நின்று சட்டைப்பையில் திறப்பைத் தேடுவார்.

மாமா வந்த பிறகு நான் நேரே வீட்டுக்கு வந்தேன். கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து திறந்தது. அதற்கு முன் எங்கள் வீட்டுக் கதவு எனக்கு உள்ளேயிருந்து திறந்ததில்லை.

ஒரு முட்டை பொரித்துத் தருவார். தேத்தண்ணீர் தருவார். பிறகு மேசையைத் துடைத்துவிட்டுப் பெட்டியைத் திறப்பார்.

அது தாயக்கட்டை உருட்டி விளையாடும் விளையாட்டு. எப்போதோ கனடாவில் உண்மையாக நடந்த ஓர் இறுதித் தொடர். சிவப்புச் சட்டை அணியும் நீலச் சட்டை அணியும். ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் ஓர் அட்டை. ஒரு சிவப்புக் கட்டை, ஒரு வெள்ளைக் கட்டை. சிவப்பில் ஆறும் வெள்ளையில் ஒன்றும் விழுந்தால் அறுபத்தொன்று. அந்த எண்ணுக்கு என்ன நடக்கும் என்று ஒரு சின்னப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் இருக்கும். பந்தை விட்டான், அடித்தான், விழுந்தான், தடுத்தான், கோல். பந்து என்று நான் சொல்வது ஒரு ரப்பர் வட்டு. நான் அதை இன்றுவரை கண்ணால் கண்டதில்லை.

ஏழு ஆட்டம். நாலு வென்றவருக்குக் கிண்ணம். மாமா நீலம். நான் சிவப்பு.

மாமா கண்ணாடியைக் கனடாவில் மறந்து விட்டுவிட்டு வந்தவர். "எழுத்து சின்னன். நீ வாசி பிள்ளை" என்று புத்தகத்தை என்னிடம் தந்தார். நான் வாசிப்பேன். அவர் ஒரு தாளில் நேரத்தையும் கோலையும் பென்சிலால் எழுதுவார். பள்ளியில் யாரும் என்னை வாசிக்கக் கேட்பதில்லை. கேட்டாலும் பயனில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தை நன்றாக வாசித்தேன். அதில் இருந்ததே இருபது சொல்தான்.

ஒன்று கவனித்தேன். நான் பக்கம் புரட்டிக்கொண்டிருக்கும்போதே சில நேரம் மாமா பென்சிலைத் தூக்கிவிடுவார். அப்போதெல்லாம் கோலாகத்தான் இருக்கும். அவருக்கு அவசரம் என்று நினைத்தேன்.

ஏன் இந்தத் தொடர் என்று ஒருநாள் கேட்டேன். மாமா மறைக்கவில்லை. கனடாவுக்குப் போன முதல் குளிர்காலம். ஐந்து பேர் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் இருந்தார்களாம். ஒரு டிவி. ஏழாவது ஆட்டம் வந்தது. நீலம் வென்றால் மாமியிடம் போய், கட்டச் சம்மதமா என்று கேட்பதாக மனதில் வைத்து, பிள்ளையார் படத்துக்கு முன்னால் ஒரு தேங்காய் வைத்தாராம்.

"வெண்டதோ?"

"இல்லை. தோத்துது. கடைசி கோலிலை."

"பிறகு?"

"தேங்காய் உடைக்கேல்லை. ஆனா நான் போய்க் கேட்டிட்டன்." பென்சிலைக் கீழே வைத்தார். "கேட்டிருக்கக் கூடாது. சாமி வேண்டாம் எண்டு சொன்ன பிறகு கேட்டால் இப்பிடித்தான்."

எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. வேலை விட்டு வந்து குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மா சத்தம் போட்டார். "ஆரோ ஒருத்தன் ஐஸிலை வழுக்கி விழுந்ததுக்கு உன்ர பெண்சாதி என்னடா செய்வாள்? வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருந்தால் வீடு உடைஞ்சிருக்காது."

மாமா சிரித்தார். கட்டையை என் பக்கம் தள்ளினார்.

ஆறு ஆட்டம் முடிந்தது. மூன்றுக்கு மூன்று. நான் களவு செய்யவில்லை. கட்டை சொன்னதை வாசித்தேன்.

ஏழாவது ஆட்டத்துக்கு முதல்நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா மெயின் ரோட்டில் சமோவாக்காரரின் கடைக்குப் போய் ஒரு தேங்காய் வாங்கி வந்தார். குடுமி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, குலுக்கிப் பார்த்து வாங்கியது. குசினி மூலையில் சாமிப் படங்கள் இருந்த தட்டில் வைத்தார்.

"எப்ப போறதா யோசினை?" என்று அம்மா கேட்டார். நான் கதவுக்கு அந்தப் பக்கம் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"இது முடிய வெளிக்கிடுவன் அக்கா. நீலம் வெண்டால் தேங்காயை உடைச்சுப்போட்டு அவளுக்குப் போன் அடிப்பன். தோத்தால் அடியாமல் போவன். எப்பிடியும் போறதுதான்."

எனக்கு மற்றதெல்லாம் முக்கியமில்லை. இது முடிந்தால் போவார். அது மட்டும் காதில் விழுந்தது. அந்தக் கதிரை கண்ணுக்கு முன் வந்தது.

ஏழாவது ஆட்டம் தொடங்கியது. முதலில் நீலம் ஒன்று அடித்தது. பிறகு நான். மறுபடி நீலம். கடைசி நிமிசத்தில் நான் உருட்டியதில் சிவப்புக்கு இன்னொன்று விழுந்தது. இரண்டுக்கு இரண்டு. அது நான் களவெடுக்காத கோல். இன்றைக்கும் சொல்வேன்.

"இனி என்ன மாமா?"

"ஓவர்டைம்."

அந்தச் சொல் எனக்குத் தெரியும். அப்பா சனிக்கிழமைகளில் செய்வது.

"ஆர் முதல் கோல் அடிக்கினமோ அவை வெண்டாச்சு. அதுவரைக்கும் இருபது இருபது நிமிசமா நடக்கும்."

"ஒருத்தரும் அடிக்காட்டி?"

"நடந்துகொண்டே இருக்கும்."

"எத்தினை நாளைக்கு?"

மாமா என்னைப் பார்த்தார். "அதுக்கு அளவில்லை" என்றார்.

எனக்கு அது போதும்.

மூன்றாவது ஓவர்டைமில் அது வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, பின்னேரம் நாலு மணி இருக்கும். நீலத்தின் ஆள் அடித்தான். மாமா சிவப்புக் கோல்கீப்பருக்காக உருட்டினார். சிவப்பில் ஆறு. வெள்ளையில் ஒன்று.

நான் பக்கத்தைத் தேடினேன். விரல் வைத்தேன். கோல் என்று இருந்தது.

நிமிர்ந்தேன். மாமாவின் பென்சில் மேலே நின்றது.

"தடுத்தாச்சு" என்றேன்.

அவர் அசையவில்லை.

"வடிவாப் பாத்தனியோ பிள்ளை?"

"ஓம்."

"அறுபத்தொண்டு?"

"தடுத்தாச்சு எண்டுதான் போட்டிருக்கு."

புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு சாமித் தட்டைப் பார்த்தார். பென்சில் மெல்ல இறங்கியது.

"கெட்டிக்காரன்தான் உன்ர கோல்கீப்பர்" என்றார். இருமினார். இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை. "உருட்டு. உன்ர முறை."

அன்று அதற்குப் பிறகு நான் சரியாகச் சாப்பிடவில்லை. சாமிப் படத்தைப் பார்க்காமல் குசினிக்குள் போய் வந்தேன். தேங்காய் அங்கேயே இருந்தது. அது என்னைப் பார்ப்பது போல இருந்தது. அதற்கும் மூன்று கண்.

மறுநாள் பள்ளி விட்டு வந்தேன். தட்டில் தேங்காய் இல்லை. பின்வாசல் சீமெந்துப் படி நனைந்திருந்தது. சிரட்டைத் துண்டு இரண்டு கிடந்தது. மேசையில் தேங்காய்ச் சம்பல், செத்தல் மிளகாய் போட்டுச் சிவக்க இடித்தது. பாணும் இருந்தது.

நான் இல்லாத நேரம் ஆட்டத்தை முடித்துவிட்டாரோ என்று பெட்டியைத் திறந்து தாளைப் பார்த்தேன். இல்லை. நேற்று விட்ட நேரத்திலேயே நின்றது.

"தேங்காய்?" என்று கேட்டேன்.

"அழுகப் பாத்தது. உடைச்சிட்டன். சாப்பிடு."

அம்மா வேலை முடிந்து வந்தபோது அவரும் தட்டைப் பார்த்தார்.

"என்னடா, முடிஞ்சுதோ விளையாட்டு?"

"இல்லை அக்கா. ஓவர்டைம் போகுது. மருமகள் விடுறா இல்லை."

அம்மா படியைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். கைப்பையைத் திறந்து, கனடாவுக்குப் பேசும் போன் கார்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

அதற்குப் பிறகு ஐந்து கிழமை ஆடினோம். ஒவ்வொரு நாளும் ஆடினோம். நாலாவது ஓவர்டைம், ஐந்தாவது, ஒன்பதாவது. நீலத்தின் கோலைத் தடுத்தேன். என் கோலையும் நானே தடுத்தேன். எனக்குக் கோல் விழுந்தபோதும் மாமாவின் பென்சில் மேலே போய் இறங்கியது. கள்ளத்துக்கு நான் நன்றாகப் பழகிவிட்டேன். முகம் மாறாது.

அப்பா ஒருநாள் வந்து தாளைப் பார்த்தார். "என்ன மச்சான், இன்னும் முடியேல்லையோ? நான் செய்யிற ஓவர்டைமை விடக் கூடவாக் கிடக்கு. இவங்கள் வீட்டை போறேல்லையோ?"

"பாவம் அத்தான், களைச்சுத்தான் போனாங்கள். ஆனா ரண்டு பேரும் நல்லா நிக்கிறாங்கள்" என்றார் மாமா.

அந்த நாட்களில் வேறு சிலதும் நடந்தது. மாமா தாடியை எடுத்தார். பின்னேரத்தில் முட்டை பொரித்துத் தந்துவிட்டுக் கராஜுக்குள் போய் அரை மணி நேரம் போனில் கதைப்பார். வெளியே வரும்போது சில நாள் கண் சிவந்திருக்கும். சில நாள் விசில் அடிப்பார். ஒருநாள் கடைக்குப் போய்ப் பெண்கள் போடும் கம்பளிக் கையுறை ஒரு சோடி வாங்கி வந்தார். அம்மாவுக்கு என்று நினைத்தேன். அம்மா அதைப் போட்டு நான் காணவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை வந்தேன். கதவு உள்ளேயிருந்து திறந்தது. மாமாவுக்குப் பின்னால் சூட்கேஸ் நின்றது.

"விசா முடியுது பிள்ளை. நாளைக்குப் பயணம்."

"ஆட்டம் முடியேல்லை."

"ஓம்."

"முடியத்தானே போறன் எண்டு சொன்னீங்கள்!" என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒட்டுக் கேட்டதைக் காட்டிக்கொடுத்தேன். அவர் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

"பெட்டி உன்னோட நிக்கட்டும். தாளிலை நேரம் எழுதியிருக்கு. நான் வரேக்கை விட்ட இடத்திலை தொடங்குவம்."

விமான நிலையத்தில் நான் அவரோடு கதைக்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டு நின்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றாமல் போகிறவர் எப்படி இப்படிச் சிரிக்கிறார்? நான் அத்தனை கோலையும் தடுத்ததற்குப் பயனே இல்லையா? அவர் என்னை ஏமாற்றிவிட்டார் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் தலையைத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டார். திங்கட்கிழமை நான் மறுபடி அந்தக் கதிரைக்குப் போனேன்.

இது நடந்து இருபது வருசமாகிறது. நான் பெரிதாகப் படிக்கவில்லை. பதினாறில் பள்ளியை விட்டேன். அப்பா வேலை செய்த அதே களஞ்சியத்தில் இப்போது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். மாமாவும் மாமியும் கனடாவில் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். சண்டையும் பிடிக்கிறார்களாம். மாமா திரும்பி வரவில்லை. ஆட்டம் அப்படியே நிற்கிறது.

போன மாதம் மழை நாளொன்றில் என் மகள் பெட்டியைக் கண்டெடுத்தாள். புதிதாக ஓர் ஆட்டம் தொடங்கினோம். தாளும் பென்சிலும் என்னிடம். புத்தகம் அவளிடம். அவள் உருட்டினாள். இரண்டும் மூன்றும் விழுந்தது. "வெயிட் அம்மா, வெயிட்" என்று பக்கத்தைத் தேடினாள்.

என் கை பென்சிலைத் தூக்கியிருந்தது.

அவள் தேடிப் பிடித்து, "கோல்!" என்று கத்தினாள். நான் எழுதவில்லை. கையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இருபது வருசமாக நான் அந்தப் புத்தகத்தைத் திறக்கவில்லை. எண்ணெல்லாம் கைக்குள்ளே இருந்தது.

மாமா அதைக் கனடாவில் எத்தனை குளிர்காலம் ஆடியிருப்பார்?

அன்று அந்தச் சம்பல் நல்ல ருசி. பாணோடு இரண்டாம் தரமும் கேட்டு வாங்கித் தின்றேன். நீலம் வென்றதற்கு உடைத்த தேங்காய் என்று தெரியாமல்.