கிடர்பூரில் 'கால் பாலோ'

போன செவ்வாய்க்கிழமை நான் போன தூரம் மொத்தம் ஆறு கிலோமீட்டர். லேக் மார்க்கெட்டிலிருந்து கிடர்பூர். பஸ், பன்னிரண்டு ரூபாய், ஐம்பது நிமிடம். எங்கள் மளிகைக் கடைக்கு மூட்டை இழுத்துவரும் கைவண்டிக்காரர் நிமாய் காக்குவுக்கு (காக்கு என்றால் சித்தப்பா) சென்னை டாக்டரோடு வீடியோ ஆலோசனை. அங்கே கட்டட வேலை செய்யும் மகனைப் பார்க்கப் போன இடத்தில்தான் அவருக்குப் பாதத்தில் சர்க்கரைப் புண் முற்றி ஆபரேஷன் நடந்தது. மறுபடி காட்ட வேண்டுமானால் ஹவுராவிலிருந்து இருபத்தேழு மணி நேர ரயில். அவரிடம் இருப்பதோ பட்டன் போன். அதனால் மருந்துக் கடை ஒன்றின் பின்னறையில் இருக்கும் வீடியோ மையம். கட்டணம் ஐம்பது ரூபாய்.

நாங்கள் இறங்கும்போது கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு, "ஆஸ்தே! லேடீஸ்!" என்று டிரைவருக்குக் குரல் கொடுத்தார். மெதுவாகப் போகச் சொல்கிறார்.

"எனக்கும் சேர்த்துச் சொல்லுப்பா. இன்னைக்கு நானும் லேடீஸ்தான்" என்றார் பின்னால் நொண்டி வந்த காக்கு.

மொழிபெயர்க்கத்தான் நான் போயிருந்தேன். காக்கு விடவில்லை. "டாக்டர் தீதி என்னைக் கத்தியால அறுத்தவங்க. எங்களுக்கு நடுவுல நீ எதுக்கு?" தீதி என்றால் அக்கா. நான் வாசலில் நின்று படிவம் நிரப்பினேன்.

திரையில் டாக்டர், "கால் எப்படி இருக்கு?" என்றார்.

"கால் பாலோ ச்சிலாம்!"

"பாலோவா! ரொம்ப சந்தோஷம். மூணு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்."

வங்காள மொழியில் 'கால்' என்றால் நேற்று. நேற்று நன்றாக இருந்தேன் என்கிறார் மனிதர். டாக்டருக்குத் தெரிந்த ஒரே வங்காளச் சொல் 'பாலோ', அதாவது நன்று. எனக்கு இரண்டு மொழியும் பழக்கம். இருவர் சொன்னதும் தனித்தனியே சரியாகப் புரிந்ததால் தப்பு உறைக்கவே இல்லை. படிவத்தில் 'இன்றைய உபாதை' என்றொரு கட்டம் இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டேன்.

"இன்னைக்கா? ஜுரம் அடிக்குது. கட்டைவிரல் கறுத்துக் கிடக்கு" என்றார், ஏதோ பக்கத்து வீட்டு விரலைப் பற்றிச் சொல்வதுபோல.

"டாக்டர், வச்சிடாதீங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

காலை மேசைமேல் தூக்கி வைக்கப் போனால் மருந்துக் கடைக்காரர் தடுத்தார். "லட்சுமி படம் இருக்கு தீதி!" லேப்டாப்பைத் தரைக்கு இறக்கினோம். டாக்டர் முதலில் மின்விசிறியைப் பார்த்தார், அடுத்து என் செருப்பை, கடைசியில் விரலை. அவர் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு நாள் விட்டா விரலை எடுக்கணும்."

கடிதம் அனுப்பினார். டாக்ஸி, நூற்றி நாற்பது ரூபாய். அரசு மருத்துவமனையில் அன்றே சேர்த்துக்கொண்டார்கள். விரல் பிழைத்தது.

திரை சென்னையைக் கிடர்பூருக்குக் கொண்டுவந்துவிட்டது. காக்கு சொல்வதை அந்தப் பக்கம் சேர்ப்பிக்க மட்டும் அந்த ஏற்பாட்டில் ஆள் இல்லை. மளிகைக் கடைக்காரர் மகளுக்கு அன்று கடையில் வேலை இல்லாமல் போனதை ஒரு மருத்துவ வசதியாகக் கணக்கில் எடுக்க முடியாது.

யாரையாவது அழைத்துப் போகிறவர்கள் காலை பத்துக்குள் போய்விடுங்கள், பிறகு கூட்டம். பழைய மருந்துச் சீட்டுகளை மறக்காதீர்கள். யாரும் கேட்காவிட்டாலும் புண்ணின் கட்டைப் பிரித்துக் கேமராவில் காட்டுங்கள். நோயாளி விரட்டினாலும் வாசலுக்குப் போகாதீர்கள்.